‘கேமராவை ஆன் பண்ணு’ என்று நான் சொன்ன நாள்

(மாலை நேரப் பயிலகங்களில் பாடம் எடுக்கும் இளைஞர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிகளில் காணொளி வகுப்பு வாய்ப்பா, ஆபத்தா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஆய்வாளர் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கொரோனா காலத்தில் ஓராண்டுக்கும் மேலாக ஒரு போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள். அதனால் கருத்துக்குப் போகும் முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2020 ஆகஸ்டு. ஒன்பதாம் வகுப்புக்கு கூகுள் மீட்டில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் பதினாறு பேர் வந்திருந்தார்கள். வகுப்பு நடந்ததற்கு ஆதாரமாக எல்லா முகங்களும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கேமராவை அணைத்தே வைத்திருந்தாள். நன்றாகக் கணக்குப் போடுகிறவள். “ஏம்மா, கேமராவை ஆன் பண்ணு” என்றேன். “நெட் சரியில்ல டீச்சர்” என்றாள். “குரல் மட்டும் நல்லா வருதே?” என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டேன். ஆன் செய்தாள்.

அவளுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட சுவர். அதில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பறை.

ஐந்து விநாடி இருக்கும். சாட்டில் ஒரு பையன் மேள பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். இன்னொருவன் ‘டண்டணக்கா’ என்று எழுதினான். இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “சரி, அடுத்த கணக்குக்கு வாங்க” என்றேன். அவள் வகுப்பிலிருந்து வெளியேறினாள். அதற்குப் பிறகு வரவில்லை.

தோழர்களே, நானும் சேரியிலிருந்து வந்தவள்தான். என் தாத்தா பறையடித்தவர். கல்லூரியில் படிக்கும்போது “உங்கப்பா என்ன வேலை?” என்று கேட்டால் பேச்சை மாற்றியவள். எல்லாம் தெரிந்த எனக்கே ஸ்கிரீன்ஷாட்தான் பெரிதாகப் போய்விட்டது என்றால், எதுவுமே தெரியாத ஓர் ஆசிரியரிடம் நம் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அவள் எங்கள் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வருவாள். அந்தச் சீருடையில் அவள் எல்லோரையும் போல ஒரு மாணவி. எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவள் கணக்கில் கெட்டிக்காரி, அவ்வளவுதான். பறை இழிவில்லை என்று இன்று நாம் மேடையில் ஏறி அடிக்கிறோம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எப்போது, யார் முன்னால், எப்படி அதைச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். அந்த முடிவை நான் அவளிடமிருந்து பறித்துக்கொண்டேன். வெட்கப்பட வேண்டியது அவள் வீடு இல்லை. சாட்டில் எழுதிய பையனும், பார்த்துவிட்டு வாய் மூடியிருந்த நானும்தான்.

இங்கிருந்துதான் நான் காணொளி வகுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். பொதுவாக இதைக் கருவிப் பிரச்சினை என்று மட்டுமே பேசுகிறோம். போன் கொடு, டேட்டா கொடு, தீர்ந்தது என்கிறோம். கருவிப் பிரச்சினையும் பொய்யில்லை. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி இந்தியக் கிராமப்புறங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்த வீடுகள் 14.9 விழுக்காடு. இதை வைத்துக்கொண்டுதான் 2020இல் நாடு முழுக்க ‘ஆன்லைனில் படி’ என்றார்கள். அந்த ஆண்டு ஜூன் 1 அன்று கேரளத்தில் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் வகுப்புகள் தொடங்கின. அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட் போன் இல்லை. கல்வியில் நாட்டுக்கே முன்னுதாரணமாகச் சொல்லப்படும் மாநிலத்தில் நடந்தது இது.

2021 ஆகஸ்டில் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் முன்னின்று 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடுதான். சாதிவாரியாகப் பிரித்தால், பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காடு, மற்றவர்களில் 15 விழுக்காடு. எல்லோருமே ஏழைகள், ஒரே நாடு, ஒரே தொற்று. அதற்குள்ளும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. இதை வெறும் வறுமை என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால் என் மாணவர்கள் பதில் சொல்வார்கள். செல்போன் டவர் ஊர்ப் பக்கம் இருக்கிறது. எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஊருக்குள் பால் சொசைட்டித் திண்ணைக்குப் போனால் கிடைக்கும். நம் பையன்கள் மூன்று பேர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள், “இங்க என்னடா கும்பலு?” என்று விரட்டிவிட்டார்கள். பிறகு ஏரிக்கரையில் புளியமரத்தடிக்குப் போனார்கள். அங்கே பாதி நேரம் குரல் வரும், படம் வராது. வருகைப் பதிவேட்டில் நான் அவர்களுக்கு என்ன போட்டேன் தெரியுமா? ‘ஆப்சென்ட்’.

சாத்தாரா பள்ளியில் சிறுவன் அம்பேத்கர் மூலையில் தனியாக ஒரு சாக்கில் உட்கார வைக்கப்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தச் சாக்கைக்கூட அவரே வீட்டிலிருந்து எடுத்துவந்து, மாலையில் வீட்டுக்கே எடுத்துப்போக வேண்டும். பாடம் அவர் காதிலும் விழுந்தது, மற்றப் பிள்ளைகள் காதிலும் விழுந்தது. பாடம் காதில் விழுவது மட்டும்தான் கல்வி என்றால் அங்கே அநீதியே நடக்கவில்லை என்று ஆகிவிடும். திருவிதாங்கூரில் பள்ளியில் இடம் கேட்டு அய்யன்காளி தலைமையில் புலையர் மக்கள் வயலில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது பாடத்தை மட்டுமா? அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் உரிமையை, மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரும் உரிமையை.

நம் ஊர்களில் ஊரும் சேரியும் ஒன்றாக உட்காரும் இடங்கள் எத்தனை? கோயில் இல்லை, சுடுகாடு இல்லை, பல ஊர்களில் டீக்கடைகூட இல்லை. குறைகள் ஆயிரம் இருந்தாலும் பள்ளிக்கூடம் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதும், பென்சில் கடன் வாங்குவதும், சண்டை போட்டு மறுநாள் பேசிக்கொள்வதும் அங்கேதான். காணொளி வகுப்பு ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் தெருவுக்குத் திருப்பி அனுப்பியது. திரையில் எல்லோரும் ஒரே அளவுக் கட்டத்தில்தான் தெரிகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் அவரவர் தெரு இருக்கிறது.

தெருவுக்குத் திரும்பிய பிள்ளை சும்மா இருக்க முடியுமா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். கொரோனா காலத்தில் எந்தச் சட்டமும் இல்லாமல் அது திரும்பி வந்தது. காலையில் நாற்பது நிமிடம் போனில் வகுப்பு, மீதி நாள் முழுக்க அப்பாவோடு செங்கல் சூளை, அம்மாவோடு நடவு. என் வகுப்புப் பையன் ஒருவன் சூளையிலிருந்தே இணைப்பில் வந்தான். மண் பிசைந்த கையோடு “பிரசென்ட் டீச்சர்” என்றான்.

இவ்வளவும் சொல்வதால் நான் காணொளியே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு விசயங்கள் என்னை மாற்றின.

முதல் விசயம் கசப்பானது. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பில் ஆங்கிலம் எடுத்த ஓர் இணைப் பேராசிரியர் ஆன்லைனிலேயே மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். அதன் பதிவு வெளியே வந்தது. எதிர்ப்பு எழுந்தது, பணியிடை நீக்கம் செய்தார்கள். நூறு ஆண்டுகளாக மூடிய அறைக்குள் இப்படிப் பேசியவர்களுக்கு எதிராக நம்மிடம் சாட்சி இருந்ததில்லை. “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று தப்பித்தார்கள். இங்கே கருவியே சாட்சி சொன்னது. அப்படியானால் கேள்வி கருவியைப் பற்றியது மட்டுமில்லை. அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதுதான்.

இரண்டாவது நம் பயிலகத்தில் நடந்தது. போன ஆண்டு சமுதாயக் கூடத்தில் ஒரு பழைய மடிக்கணினியைச் சுவர்த் திரையில் இணைத்து, கோவையில் சட்டம் படிக்கும் நம் ஊர்ப் பெண்ணைக் காணொளியில் பேச வைத்தோம். முப்பது பிள்ளைகள் பாயில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே திரை. பக்கத்தில் நான் நின்றேன். எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், முதல் பட்டதாரி சான்றிதழ் எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். கடைசியில் ஏழாவது படிக்கும் பொண்ணு எழுந்து, “அக்கா, அங்க யாராவது ‘நீங்க என்ன ஆளுங்க’ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றது. கூடமே அமைதியாகிவிட்டது. அந்த அக்கா சிரிக்காமல், சுற்றி வளைக்காமல் பதில் சொன்னது. முதல் வருடம் பொய் சொன்னேன், இரண்டாம் வருடம் உண்மையைச் சொன்னேன், ஒருத்தி அறையை மாற்றிக்கொண்டு போனாள், இரண்டு பேர் நெருங்கிய தோழிகள் ஆனார்கள் என்றது. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. நானும் சொன்னதில்லை. இருநூறு மைல் தாண்டி அந்தக் குரலைக் கொண்டுவந்தது இந்தக் கருவிதான்.

ஆகஸ்டு வகுப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பிள்ளைகள் தனித்தனி, இங்கே ஒன்றாக. அங்கே கேமரா பிள்ளையின் வீட்டைப் பார்த்தது, இங்கே பிள்ளைகள் உலகத்தைப் பார்த்தார்கள். அங்கே ஆசிரியர் தூரத்தில், இங்கே பக்கத்தில்.

இதிலிருந்து நம் கோரிக்கைகளை வகுத்துக்கொள்ளலாம். காணொளி வசதி பள்ளிக்கும் விடுதிக்கும் நூலகத்துக்கும் வரட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் முதலில் வரட்டும். ஆனால் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் திரையை மாட்டிவிட்டு ‘ஸ்மார்ட்’ என்று பெயர் வைத்தால் ஏற்க முடியாது. வீட்டிலிருந்து இணையும் பிள்ளையின் கேமராவை ஆன் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வகுப்பு சாட்டில் வரும் சாதிக் கேலி விளையாட்டில்லை, வகுப்பறையில் நடக்கும் தீண்டாமைதான் என்று ஆசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும். நாளை வெள்ளமோ வேறு தொற்றோ வந்து பள்ளி மூடினால், முதல் வேலை இணைப்பு அனுப்புவதில்லை. தெருவுக்கு ஆள் அனுப்புவது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் தெருவுக்கே போய் உட்கார்ந்தார்கள். அதில் குறைகள் உண்டு, ஆசிரியர் வேலையை ஊக்கத்தொகைக்கு ஒப்படைக்கும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது.

கடைசியாக அந்தப் பெண். பதிவேட்டில் அவள் ஒன்பதாம் வகுப்பு தேர்ச்சி. அந்த ஆண்டு எல்லோரும் தேர்ச்சிதானே. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. தேடிப் போனேன். நூற்பாலை வேலைக்குப் போயிருந்தாள். பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்து, “தப்பு பண்ணிட்டேம்மா, கேமராவை ஆன் பண்ணச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

“அதுல ஒண்ணும் இல்ல டீச்சர். அவனுங்க எழுதுனத நீங்க பார்த்தீங்கல்ல?” என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு தாமதமாக, 2024இல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினாள். கணக்கில் 91. அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. இழந்த இரண்டு ஆண்டில் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் பாடம் எடுக்கப் போகிறவர்கள். திரையில் எடுத்தாலும் தரையில் எடுத்தாலும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.