சோழிங்கநல்லூரின் வளர்ச்சிக் கணக்கில் விடுபட்டவை

சென்னையின் தென்கடற்கரையில் திருவான்மியூர் தொடங்கிச் சிறுசேரி வரை நீளும் நிலப்பகுதி, தமிழ்நாட்டின் பொருளாதார முன்னேற்றத்துக்குச் சான்றாகப் பல மேடைகளில் காட்டப்பட்டு வருகிறது. தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கும் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்தன. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் ஆகிய ஊர்கள் ஒரே தலைமுறைக்குள் அடுக்குமாடி நகரங்களாயின. அந்த வேலைவாய்ப்பு எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கையை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. மறுக்கப்பட வேண்டியது, மனை விலை ஏறுவதையே வளர்ச்சி என்றும், வழங்கப்பட்ட கட்டட அனுமதிகளின் எண்ணிக்கையையே வீட்டுவசதி என்றும் மக்களை நம்பவைக்கும் கணக்குமுறையாகும்.

இந்நிலத்தின் அமைப்பை அறியாமல் அதன் விலையைப் பேசுவது பொருளற்றது. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கப்பால் மணல்மேடுகளும் கடலும். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் இச்சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்னும் குறுகிய வழியே சாலையைக் கடந்து, கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் நீரை ஏந்தி, கோடையில் நிலத்தடிக்கு மெல்லக் கொடுக்கும் இத்தகைய நிலத்தையே சதுப்பு நிலம் என்பர். ஒரு காலத்தில் ஏறத்தாழ 6,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்ததாக மதிப்பிடப்படும் இச்சதுப்பைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், சாலைகளும், அரசு நிறுவனங்களின் வளாகங்களும், தனியார் குடியிருப்புகளும் சிறிது சிறிதாக விழுங்கின. ஆக்கிரமிப்பு என்றவுடன் குடிசையை நோக்கி நீளும் கை, அரசே எழுப்பிய கட்டடங்களை நோக்கி நீளத் தயங்குகிறது. இந்தத் தயக்கமே பெரும் ஆக்கிரமிப்புகளுக்குக் காவலாக நின்றது.

2015 டிசம்பரில் பெய்த பெருமழையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையும் இப்பகுதிக் குடியிருப்புகளைச் சூழ்ந்தபோது, அவை எதிர்பாராத பேரிடர்கள் என்று கூறப்பட்டன. நீர் தங்கும் இடமும் நீர் போகும் வழியும் அடைபட்ட பின் நீர் வீட்டுக்குள் வருவதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. எஞ்சிய சதுப்பு, உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதன் பின்னரும் அதைச் சுற்றிக் கட்டுமானத் திட்டங்கள் வரிசையில் நின்றதால், 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, சதுப்பின் எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் ஆய்ந்து வரையறுக்கப்படும் வரை, சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்று ஆணையிட வேண்டியதாயிற்று.

வெள்ளத்தில் மிதக்கும் இதே பகுதிதான் கோடையில் தண்ணீருக்குத் தவிக்கிறது. 2019 கோடையில் நீரின்றி மென்பொருள் நிறுவனங்கள் சில தம் பணியாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை நாடே அறியும். திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான கடற்கரை மணற்படுகை, மழைநீரைத் தேக்கி வைக்கும் இயற்கைக் கிணறு. அதை ஆழ்துளைக் குழாய்களால் அளவின்றி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகும் நிலை உருவாயிற்று. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் மேலும் 15 கோடி லிட்டரும் கடல்நீரிலிருந்து குடிநீர் தரும் ஆலைகள் பொதுப்பணத்தில் நிறுவப்பட்டன. மணல் இலவசமாகச் செய்துவந்த பணியை இன்று மின்சாரம் பெரும் செலவில் செய்கிறது. இங்கு வீடு வாங்கி வங்கிக்கு மாதத் தவணை கட்டும் நடுத்தரக் குடும்பம், அதற்கு மேல் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் செலுத்தி வந்தது. வீடு விற்றவரின் விளம்பரத்தில் இச்செலவுக்கு ஒரு வரி கூட இடம்பெறவில்லை.

வீடுகள் பெருகினால் விலை இறங்கும், ஆகவே கட்டுமானத்துக்கு எந்தத் தடையும் கூடாது என்பது எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெருகுவது யாருக்கான வீடு என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடை இல்லை. மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012ஆம் ஆண்டுக்கான இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்ததைப் பதிவு செய்தது. வீடற்றவர் ஒருபுறமும் ஆளற்ற வீடு மறுபுறமும் இருப்பது, வீடு என்பது குடியிருப்பாக அல்லாமல் பணத்தைப் போட்டுவைக்கும் முதலீடாகக் கட்டப்படுவதன் விளைவு.

பெருமக்களே, பழைய மகாபலிபுரம் சாலையின் அருகிலேயே கண்ணகி நகரும், செம்மஞ்சேரியும், பெரும்பாக்கமும் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, நெடுந்தொலைவில் உள்ள இவ்வூர்களின் தாழ்நிலத்தில் குடியமர்த்தியது அரசு. செம்மஞ்சேரி அதன் பிறகும் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர், காவல் நிற்பவர், அடுக்குமாடி வீடுகளில் சமையல் செய்பவர் எனப் பலர் அங்கிருந்தே வருகின்றனர். அவர்களின் உழைப்பு வளர்ச்சிக் கணக்கில் சேர்கிறது. குடியமர்த்தலில் அவர்கள் இழந்த வேலையும், குழந்தைகள் விட்ட பள்ளியும், அன்றாடப் பேருந்துச் செலவும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, இச்சாலை வழியே மெட்ரோ ரயில் வழித்தடம் கட்டப்பட்டு வருகிறது. அதன் செலவு மக்களுடையது. அதனால் உயரும் மனை மதிப்போ நிலம் வைத்திருப்போரைச் சேர்கிறது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீட்டை மெட்ரோ தடத்தை ஒட்டி உயர்த்துவது, அந்த ஆதாயத்தை இன்னும் பெருக்குவதாகும். அவ்வாறு உயர்த்தும்போது, கூடுதலாகக் கிடைக்கும் தளங்களில் ஒரு பங்கு அதே இடத்தில் குறைந்த வாடகை வீடுகளாகத் தரப்பட வேண்டும். பணமாகக் கட்டிவிட்டு விலகும் வழி அடைக்கப்பட வேண்டும். தயாரிப்பில் உள்ள சென்னைப் பெருநகரின் மூன்றாவது பெருந்திட்டம், ஒக்கியம் மடுவு வழியே எவ்வளவு நீர் போக முடியும், நிலத்தடியில் எவ்வளவு நீர் எடுக்க முடியும் என்ற இரு அளவுகளை முதலில் வெளியிட்டு, அவற்றுக்கு உட்பட்டே திட்ட அனுமதிகளை வரையறுக்க வேண்டும். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் சோழிங்கநல்லூரில் மட்டும் அல்லாமல் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின் மாலை வேளையில், தமிழில் அச்சிட்ட வரைபடங்களோடு நடைபெற வேண்டும் என்று இந்த அவை கோருகிறது.