குறைந்த செலவில் நிறைந்த உணவு

(புந்தோங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



புந்தோங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கச்சாங் பூத்தே. கடலையையும் பயற்றையும் கொண்டே பெயர் பெற்ற ஊர் இது. ஆகவே, பயற்றின் பெருமையைப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

சம்பளம் வாங்கிய வாரத்தில் கோழியும் இறைச்சியும். மாதக் கடைசியில் வெறுஞ்சோறும் கருவாடும். இது பல வீடுகளில் காணும் வழக்கம். சத்துள்ள உணவு பணக்காரருக்கே உரியது என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது உண்மையன்று.

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையேயோ பத்தில் மூவருக்கு இருந்தது. நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி குன்றும். சிறு புண்ணும் ஆறாது. நாள்தோறும் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுபவருக்குக் கால்தானே முதல்?

சுகாதார அமைச்சு கூறும் முறை எளிதானது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. நம் தட்டிலோ சோறே முக்கால் பங்கை அடைத்துக்கொள்கிறது.

இம்முறைக்குப் பெருஞ்செலவு ஆகுமோ என்று அஞ்ச வேண்டாம். 100 கிராம் பாசிப்பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அது நான்கு முட்டைகளில் உள்ள அளவு. இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை விட்டிருக்கும். வீட்டின் பின்புறம் ஒரு முருங்கைக் கொம்பை நட்டால் கீரைக்குக் காசு தேவையில்லை. பொரித்த கடலையைக் குறைத்து, அவித்த சுண்டலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தேநீரில் டின் பாலையும் சீனியையும் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

இனி, கையிலுள்ள தொலைபேசியைப் பற்றிச் சில சொற்கள். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' என்னும் செயலியில் முட்டை, மீன், எண்ணெய், காய்கறி ஆகியவற்றின் விலையைக் கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாய்மார்களே, செயலியைத் திறக்கத் தெரியாவிடில் பள்ளி செல்லும் பிள்ளையிடம் கேளுங்கள்; அதில் வெட்கமில்லை. ஆனால், ஐம்பது காசு மிச்சம் பிடிக்க ஒரு ரிங்கிட் பெட்ரோல் செலவழித்து நெடுந்தொலைவு செல்வது சிக்கனமாகாது. அண்டை வீட்டார் நால்வர் வாட்ஸ்அப்பில் பேசி, பருப்பையும் பயற்றையும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது நன்று. வாங்க வேண்டியவற்றை முன்னரே தொலைபேசியில் குறித்துக்கொண்டு செல்பவர், கடையில் கண்டதையெல்லாம் வாங்கமாட்டார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "இந்தச் சாற்றைக் குடித்தால் நீரிழிவு பறந்துவிடும்" என்று அதே தொலைபேசியில் செய்திகள் வரும். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐயம் இருப்பின் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். விலையைச் சொல்லத் தொலைபேசி போதும். நோயைப் பற்றிச் சொல்ல மருத்துவரே வேண்டும்.

அன்பர்களே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இன்றிரவு ஒரு கோப்பைப் பயற்றை ஊறவையுங்கள். அடுத்த சம்பள நாளில் கடைக்குப் புறப்படுமுன் விலையைப் பாருங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய பணம் மருந்துக்குப் போகாமல், நம் பிள்ளைகளின் உடலுக்கு உரமாகட்டும்.