சர்வீஸ் ஒப்பந்தமா? வாய்ச்சொல்லை நம்பிக் காசு கட்டாதீர்!
(கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



டிராக்டர் வாங்கப் போனாலும் சரி, மோட்டார் வாங்கப் போனாலும் சரி, விலையோடு சேர்த்து 'சர்வீஸ் ஒப்பந்தம்' என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். "அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க, எல்லாம் இலவசம்" என்கிறார்கள். நாமும் கடனை உடனை வாங்கிக் கட்டிவிட்டு வருகிறோம். கதிர் வரும் நேரத்தில் மோட்டார் காயில் போனால், "காயில் இதுல சேராதுங்க" என்று கையை விரிக்கிறார்கள். காயுற பயிர் கம்பெனிக்காரனுக்காகக் காத்திருக்குமா?

இப்படி ஆசை காட்டி விற்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளும் சொல்வதைக் கேளுங்கள்:

* 'இலவசம்' என்று சொல்லிவிட்டு வேறு பெயரில் காசு கேட்கக் கூடாது.
* வாக்குறுதி எந்த மொழியிலோ, நிபந்தனையும் அந்த மொழியில்தான். கொட்டை எழுத்தில் தமிழில் ஆசை காட்டி, பொடி எழுத்தில் இங்கிலீஷில் நிபந்தனை போடுவது விதிமீறல்.
* பெரிய எழுத்தில் சொன்னதை அடிக்குறிப்பில் மறுக்கக் கூடாது.
* பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

"நீங்க விவசாயி, நுகர்வோர் இல்ல" என்று வாதாடுவார்கள். மயங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கும் சட்டம் பொருந்தும். விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, நோட்டீசைக் கிழித்துப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. வாயால் சொன்னதை எழுதி, முத்திரை வைத்து வாங்குங்கள். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாந்தால் இரண்டு வருஷத்துக்குள் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915-க்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம்.

மாவட்ட ஆட்சியருக்கு நம் கோரிக்கை ஒன்றுதான். பொய் விளம்பரப் புகாரை விசாரிக்க இதே சட்டம் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. விசாரியுங்கள்! அறிக்கை அனுப்புங்கள்!

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அவரவர் ஒப்பந்தத் தாளோடு வாருங்கள். தனித்தனியாகப் போனால் விரட்டுவார்கள். திரண்டு போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!