தேட வேண்டிய குரல்கள்

இராயபுரத்துச் சாவு வீடுகளில் விடிய விடிய ஒலிக்கும் கானா, மறைந்தவரின் பெயரை நிலைநிறுத்தும். பாடியவரின் பெயரோ பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. குரல் அடங்கினால் பாட்டும் அடங்கும்.

ஒலிப்பதிவு ஒன்றே இதற்கு மாற்று. அமெரிக்காவின் கோனி கான்வெர்ஸ் 1950-களில் தாமே பாடல் புனைந்து பாடினார், இசையுலகம் பொருட்படுத்தவில்லை. 1974-இல் வீட்டைவிட்டுச் சென்றவர் திரும்பவேயில்லை. நண்பர் ஜீன் டெய்ச் தம் இல்லத்தில் பதிந்து காத்த ஒலிநாடாக்களால், 2009-இல் அப்பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தன.

ஆண்களே மிகுதியாகப் பாடிய கானாவில், இராயபுரத்து இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவர் குரல் பதிவாகிவிட்டது. அவருக்கு முன் பாடியோர் குரல்? முதியோர் நினைவில் எஞ்சுவனவற்றைப் பாடியவர் பெயரோடும் தெருவோடும் பதிந்து தொகுப்பது கவிஞர் கடன். ஏடு தேடி நடந்தார் உ.வே.சா.; குரல் தேடி நடப்போர் இன்று வேண்டும்.