உருட்டுக்கட்டையும் சட்டமும்



ஆயுதம் என்றால் துப்பாக்கியும் வெடிகுண்டும்தான் கருத்தரங்குக்கு உரியவை என்று நமக்குள் ஒரு நினைப்பு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். சணல் கயிற்றில் சீட்டுக் கட்டி மேசைமேல் வைக்கப்படுபவை உருட்டுக்கட்டை, இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், ஆணி அடித்த ரீப்பர். வீட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்தவை, அல்லது அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டவை. இவற்றை வைத்திருப்பது குற்றமா என்று கேட்டால், ஆமென்றோ இல்லையென்றோ சட்டென்று சொல்லிவிடுகிறோம். இரண்டுமே அவசரப் பதில்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ வடிவமைத்த பொருளையும் அதற்கென மாற்றியமைத்த பொருளையும் ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே வடிவமைத்தவற்றை விலக்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூட்டத்தைக் கலைக்கக் காவலர் ஓங்கும் லத்தி, இந்தச் சட்டத்தின் கண்ணில் வீட்டுச் சாமான்! ஆனால் 1962ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில், வாளும் ஈட்டியும் உள்ள வகையிலேயே எஃகுத் தடியும் இடம்பெற்றது.

இடைப்பட்டவைதான் சிக்கல். காட்டுப்பன்றி விரட்ட இரவுக் காவலுக்குப் போகும் விவசாயி, கம்பின் நுனி பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுகிறார். அதை யாரும் ஆயுதம் என்று சொல்லமாட்டார்கள். அதே கம்பில் நான்கு ஆணி அடித்து பைக்கில் செருகிக்கொண்டு போகிற இளைஞர், மாற்றியமைத்தார் என்ற வாதத்துக்குள் வந்துவிடுகிறார். ஆனாலும் உரிமம் இல்லாத குற்றம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு உரிமம் வேண்டும் என்பது, 4ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிக்கும் அதில் சொன்ன ஆயுத வகைக்கும்தான் பொருந்தும். அந்த அறிவிக்கை எங்கே என்று கேட்கும் வழக்கறிஞர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே 1953ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டப்படி, காயப்படுத்துவதற்கென்றே செய்த பொருள், அதற்காக மாற்றிய பொருள், அந்த எண்ணத்தோடு கொண்டுபோகும் எந்தப் பொருளும் பொது இடத்தில் கையில் இருந்தால் குற்றம். நியாயமான காரணம் உண்டென்றால் வைத்திருப்பவரே மெய்ப்பிக்க வேண்டும். நம்மிடம் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இல்லாததே நல்லது என்பது என் கட்சி. கம்போடு நடப்பவரெல்லாம் காரணம் சொல்லியாக வேண்டும் என்றால் ஆடு மேய்ப்பவர் பாடு என்னாகும்?

நம் நாட்டில் கட்டையின் கதை பெரும்பாலும் அடி விழுந்த பிறகே தீர்மானமாகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 117ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை சிறை. ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர்போகக்கூடிய கருவியால் விளைவித்தது என்றால், 118ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 325, 326. மத்தாயி எதிர் கேரள அரசு வழக்கில், 2005இல், உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கருவி ஒரு கல். ஆயுதம் என்று தனியே முத்திரை குத்திய பொருள் எதுவும் கிடையாது, ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்றது நீதிமன்றம். பிறகு கல்லின் அளவைக் கருதி, தண்டனையை 326இலிருந்து 325க்கு மாற்றியது.

கருவியின் அளவு இவ்வளவு முக்கியம் என்றால், பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் நம் மகஜர்களைப் பாருங்கள். ‘சுமார் மூன்றடி நீளமுள்ள உருட்டுக்கட்டை ஒன்று’ என்பதோடு பல மகஜர்கள் முடிந்துவிடுகின்றன. சுற்றளவு இல்லை, எடை இல்லை. சவுக்கா, வேம்பா, உளுத்த மரமா, தெரியாது. காயச் சான்றிதழ் கொடுத்த மருத்துவரிடம் அந்தக் கட்டையைக் காட்டி, இதனால் இந்தக் காயம் ஏற்படுமா என்று கேட்பதும் எல்லா வழக்கிலும் நடப்பதில்லை. அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் கண்ணால் பார்த்த மதிப்பீட்டை வைத்தே ஆண்டுக்கணக்கில் வாதாடுகின்றன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவில் கட்டைக்குப் பக்கத்தில் ஓர் அளவுநாடாவும் தராசும் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். சட்டத் திருத்தமே வேண்டாம். அதன் வாசகம் எப்படி இருக்கலாம் என்று மாலை அமர்வில் தடயவியல் நண்பர்களும் காவல்துறை நண்பர்களும் சேர்ந்து ஒரு வரைவு எழுதித் தர வேண்டுகிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.