மெர்போக் அரும்பொருளகமும் நமது மண்வெட்டியும்

(தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



விடுமுறை வந்தவுடன் நம்மவர் பலர் பினாங்கிற்கோ பத்துமலைக்கோ புறப்பட்டு விடுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வடக்கே பயணம் செய்வோர் ஒரு முற்பகலையேனும் ஒதுக்கிக் கண்டுவர வேண்டிய சிறிய இடம் ஒன்று உண்டு. கெடா மாநிலத்தில், மெர்போக் என்னும் ஊரை அடுத்து, ஜெராய் மலையடிவாரத்தில் அமைந்துள்ள லெம்பா பூஜாங் தொல்பொருள் அரும்பொருளகமே அது. சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக அவ்விடத்தை அடையலாம்.

மாபெரும் மாளிகையை எதிர்பார்த்து அங்குச் செல்ல வேண்டியதில்லை. அடக்கமான கட்டடம், மரநிழல், அருகே பாறைகளிடையே ஓடும் சிற்றாறு, இவையே அதன் சூழல். ஆரவாரம் இல்லாத இடமாதலால் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று நிதானமாகக் காணலாம். இப்பள்ளத்தாக்கில் கிடைத்த கற்சிற்பங்கள், சுட்டமண் உருவங்கள், வண்ண மணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள் ஆகியவை, பல நாட்டு மரக்கலங்கள் இக்கரைக்கு வந்து சென்ற காலத்தை நமக்கு உணர்த்துகின்றன. காலத்தால் சிதைந்த பிள்ளையார் உருவமும் இங்குக் கிடைத்தவற்றுள் ஒன்றாகும்.

கட்டடத்திற்கு வெளியே, மேட்டு நிலத்தில், புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கிறது. சண்டி என்பது மலாய் மொழியில் பழங்கோயிலைக் குறிக்கும் சொல். பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். கருவறையும் அதன் முன்னே மண்டபமுமாக அமைந்த இக்கோயிலைச் சற்று உற்றுநோக்குங்கள். மண்டபத்தில் வரிசையாகக் காணப்படும் கற்கள், தூண்களைத் தாங்கிய பாதங்களாகும். தூண்களும் கூரையும் மரத்தால் ஆனவை. ஆதலால் அவை மக்கி மறைந்தன. தென்னிந்தியக் கோயிலமைப்பும் இந்நாட்டு மரவேலையும் ஒன்றுகூடி நின்ற கோலத்தை அக்கற்கள் இன்றும் காட்டுகின்றன. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவும் கைத்திறனை அறிந்த உங்களுக்கு, உளி பிடித்த அக்கைகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுமோ?

தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இக்கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது சென்றது. எனினும் இப்பள்ளத்தாக்கின் வரலாறு அப்படையெடுப்பிற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இங்கு இந்து சமயச் சின்னங்களும் புத்த சமயச் சின்னங்களும் கிடைத்துள்ளன. ஆதலின் இது மலேசியர் அனைவருக்கும் உரிய பொதுச் செல்வமாகும்.

பெருமக்களே, இச்செல்வம் எவ்வாறு நம் கைக்கு வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1840களில் ஜேம்ஸ் லோ என்பவர் இங்குள்ள சிதைவுகளைப் பற்றி எழுதினார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆய்வாளர் தம் துணைவியாருடன் ஏறத்தாழ 30 இடங்களை ஆராய்ந்தார். பத்து பகாட் சண்டி 1960ஆம் ஆண்டில் சீரமைத்து முடிக்கப்பெற்றது. வேறிடங்களிலிருந்த சில சண்டிகள் கல் கல்லாகப் பெயர்த்துக் கொணரப்பட்டு, இவ்வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. அரும்பொருளகம் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

ஆனால், எல்லாச் சண்டிகளும் இவ்வாறு காக்கப்படவில்லை. சுங்கை பத்துப் பகுதியில் இருந்த ஒன்று, நிலத்தைச் சமன்படுத்தும் பணியில் இடித்துத் தள்ளப்பட்டதாக 2013ஆம் ஆண்டில் செய்தி வெளியாகி நாடே வருந்தியது. இயந்திரத்திற்குப் பழங்கல்லும் புதுக்கல்லும் ஒன்றே. வேறுபாட்டைக் காண்பது மனிதனின் கண்.

அக்கண் உங்களுடையதாக இருக்கலாம். இப்பள்ளத்தாக்கின் சின்னங்கள் பல, தோட்ட நிலங்களிலேயே கண்டெடுக்கப்பட்டன. மறுநடவுக்காக மண்ணைக் கிளறும்போதும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போதும், முதலில் அம்மண்ணைக் காண்பவர் தொழிலாளரே. செதுக்கிய கல்லோ, பழைய செங்கல் வரிசையோ, மணியோ, உருவமோ தென்பட்டால் அதனைப் பெயர்க்காதீர்கள்; வீட்டிற்கும் எடுத்துச் செல்லாதீர்கள். கிடந்த இடமும் ஆய்வாளருக்கு ஒரு சான்றாகும். வேலையை அவ்விடத்தில் நிறுத்தி, தோட்ட நிர்வாகத்திற்குத் தெரிவியுங்கள். அத்துடன் மாவட்ட அதிகாரிக்கும் தெரிவியுங்கள். பாரம்பரியச் சிறப்புடைய பொருளைக் கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் விதியுமாகும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். கற்களின்மேல் ஏறாமல், சுற்றி நடந்து காணச் சொல்லுங்கள். எது பழங்கல் என்று அவர்கள் கண்டு பழகட்டும்; நாளை நம் தோட்டத்து மண்ணில் அத்தகைய கல் ஒன்று தலைகாட்டினால், அவர்கள் அதனை அடையாளம் காண்பார்கள்.