காவலூர் வானமும் வட்டத்தின் எண்ணும்



ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், சந்தன மரங்களுக்கு நடுவே வானாய்வகம் ஒன்று உள்ளது. வைணு பாப்புவின் முயற்சியால் 1960களின் இறுதியில் சிறு தொலைநோக்கியுடன் தொடங்கிய அவ்விடத்தில், 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி 1986 சனவரியில் செயலுக்கு வந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 1885இல் போக்சன் சென்னையிலிருந்து ஒன்றைக் கண்டபின், நூறாண்டுக்கு மேல் கழிந்து இந்திய மண்ணிலிருந்து காணப்பெற்ற சிறுகோள் அது. அதற்கு 4130 என்னும் எண்ணும் இராமானுஜன் என்னும் பெயரும் வாய்த்தன.

பெயர் பொருத்தமானதே. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்னும் எண்ணை இராமானுஜனைப்போல் நெருங்கியவர் சிலரே.

கவிஞர்க்கு முடிவிலி என்றதும் வானம் நினைவுக்கு வரும். எல்லையற்ற பரப்பு, அளவிறந்த தொலைவு என்றே எழுதிப் பழகிவிட்டோர் பலர். பை அந்தப் பழக்கத்தைச் சற்றே குலைக்கிறது. அது பெரிய எண் அன்று. மூன்றைவிடப் பெரிது, நான்கைவிடச் சிறிது. முடிவின்மை அதற்கு வெளியே விரியவில்லை, உள்ளே இறங்குகிறது. காவலூரின் ஆடியையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் கற்ற 22/7 கொண்டு அதன் சுற்றளவைக் கணித்தால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் மிகுந்துவிடும். எந்தப் பின்னத்தை வைத்தாலும் பிழை சிறுக்குமேயன்றி மறையாது. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் 62832/20000 என்று கூறியபோதே அதனை அண்மை மதிப்பு என்றார். பின்னமாக எழுத இயலாது என்பதை லாம்பர்ட் 1761இல் நிறுவினார்.

பதின்மத்தில் இலக்கங்கள் ஓயாது வருவது மட்டும் வியப்பன்று. மூன்றில் ஒன்றை எழுதினாலும் 3 என்னும் இலக்கம் ஓயாது வரும். அங்கே ஓர் இலக்கம் தெரிந்தால் அனைத்தும் தெரிந்துவிடும். பையில் அவ்வாறு திரும்பத் திரும்ப வரும் தொகுதி இல்லை. ஆயினும் அது ஒழுங்கற்றதும் அன்று. இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் பதினேழு தொடர்களைத் தந்தார். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை ஒரே வரியில் எழுதிவிடலாம். அதன் முதல் உறுப்பே ஆறு பதின்ம இடங்கள்வரை சரியாக வரும். பின்வரும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கும். 1985இல் காஸ்பர் அத்தொடரைக் கணினியிலிட்டு ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைப் பெற்றார். அப்போது அத்தொடருக்கு முழு நிறுவலே இல்லை. போர்வைன் சகோதரர் 1987இல்தான் அதனை அளித்தனர். விடை முன்னே வந்தது, காரணம் பின்னே வந்தது! கவிதையில் இது புதிதன்று.

முடிவற்ற இலக்கங்கள் அனைத்தும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வரியோ முடிவுடையது. இதுவே பை காட்டும் அரிய செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பையின் இலக்கங்களை எழுத்துகளாக்கினால் இதுவரை எழுதப்பட்டவையும் இனி எழுதப்படுவனவுமாகிய எல்லாக் கவிதைகளும் அதில் கிடைக்கும் என்று சிலர் மேடைதோறும் சொல்வதுண்டு. கேட்க இனிது, நிறுவப்படாதது. முடிவற்றது என்பதனாலேயே எல்லாவற்றையும் கொண்டது என்றாகாது. 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டே, தொகுதி எதுவும் திரும்பத் திரும்ப வராமல், முடிவற்ற எண்ணை அமைக்கலாம். அதில் 7 ஒருபோதும் வாராது. அக்கூற்று மெய்யென்றே கொண்டாலும் பயன் சிறிது: குறிப்பிட்ட கவிதை எந்த இடத்தில் உள்ளது எனச் சுட்டும் எண், பெரும்பாலும் அக்கவிதையளவு நீண்டிருக்கும். தேடி எடுப்பதற்கும் எழுதுவதற்கும் உழைப்பு ஒன்றே.

2024இல் 202 இலட்சம் கோடி இலக்கங்கள்வரை கணித்துவிட்டனர். விண்கலங்களை வழிநடத்தப் பதினைந்து பதின்ம இடங்கள் போதும். எஞ்சிய கணக்கெல்லாம் தேவைக்காக அன்று, அறியும் ஆவலுக்காக. அத்தனை இலக்கங்களைக் கண்ட பின்னும், 7 என்னும் இலக்கம் பையில் முடிவின்றி வந்துகொண்டே இருக்குமா, எங்கேனும் நின்றுவிடுமா என்பதை எவரும் இன்னும் நிறுவவில்லை.